நிறைகள் பின்னர் கூறப்படும்

திரையரங்குப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல், தொலைக்காட்சியில் ஒளிபரப்புவதற்கென்றே எடுக்கப்படும் முழுநீளப் படத்தைத் தொலைக்காட்சிப் படம் என்பர். அது ஓர் ஆணும் பெண்ணும் முதலில் முட்டிக்கொண்டு, அடுத்து முறைத்துக்கொண்டு, இறுதியில் ஒட்டிக்கொள்வதைச் சொல்லுமாயின் தொலைக்காட்சிக் காதல் நகைச்சுவை எனப்படும். அமெரிக்காவின் ஹால்மார்க் அலைவரிசை ஆண்டுதோறும் வெளியிடும் கிறிஸ்துமஸ் படங்களே இவ்வகைக்கு இலக்கணமும் இலக்கியமும் ஆகும். இவற்றின் நிறைகளையும் குறைகளையும் நடுநிலை பிறழாமல் எடைபோடுவது இக்கட்டுரையின் நோக்கம். நிறைகளை முதலில் கூறுவதே பண்பு எனினும், சென்ற சனிக்கிழமை இரவு முதல் ஒரு குறை கட்டுரையாளரின் தொண்டையில் மீன்முள்ளைப் போலக் குறுக்கே நிற்பதால், அதை எடுத்துப் போட்டபின் நிறைகளுக்கு வருவதே முறையாகும். இப்படங்களை யார் பார்க்கிறார்கள், ஏன் பார்க்கிறார்கள் என்பன போன்ற கேள்விகளுக்கு இங்கே இடமில்லை; "இது ஒன்றே ஒன்று, அப்புறம் படுக்கை" என்று நள்ளிரவில் தமக்குத்தாமே சத்தியம் செய்துகொள்ளாத ஒருவர் இக்கட்டுரையை இதுவரை படித்திருக்க மாட்டார்.

இவற்றின் பிறப்பைச் சற்றே நோக்கவேண்டும். ஜாய்ஸ் ஹால் என்பவர், பெயரைக் கேட்டுப் பெண் என்று எண்ணவேண்டாம், 1910ஆம் ஆண்டில் இரண்டு செருப்புப் பெட்டிகள் நிறைய அஞ்சல் அட்டைகளோடு கன்சாஸ் சிட்டி நகரில் வந்து இறங்கித் தொடங்கிய வணிகமே பின்னாளில் ஹால்மார்க் என்னும் வாழ்த்து அட்டை நிறுவனமாக வளர்ந்தது. அதன் பெயரைத் தாங்கிய அலைவரிசை 2001இல் வந்தது. கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணும் படவரிசை 2009இல் தொடங்கியது. அவ்வரிசை நாளடைவில் முன்னோக்கி ஊர்ந்து அக்டோபர் மாதக் கடைசியையே எட்டிவிட்டது. ஆகவே இப்படங்களைச் சினிமாவின் பிள்ளைகள் என்று கருதுவது மரபு பிழைத்த பார்வையாகும். இவை கைகால் முளைத்த வாழ்த்து அட்டைகளே. வாழ்த்து அட்டையில் பனி பெய்யும், ஆனால் யாருக்கும் குளிராது. விளக்கெரியும், ஆனால் யாரும் மின்கட்டணம் கட்டுவதில்லை. இந்தக் கருத்தை வாசகர் நினைவில் வைத்திருப்பாராக. இதற்கு மேலே செல்லச் செல்லப் பயன் உண்டு என்று நம்பப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 2014 நவம்பர் 29 அன்று ஒளிபரப்பான கிறிஸ்துமஸ் அண்டர் ராப்ஸ் என்னும் படத்தைக் கொள்ளலாம்; ஏறத்தாழ 58 இலட்சம் பேர் பார்த்து, அந்த அலைவரிசையின் அதுவரையிலான படங்களுள் அதிகம் பார்க்கப்பட்டது என்ற பெயரைப் பெற்றது. கேண்டஸ் கேமரான் பியூரே நடித்த நாயகி ஒரு மருத்துவர். பாஸ்டன் நகரில் எதிர்பார்த்த மேற்பயிற்சி இடம் கைநழுவுகிறது, காதலனும் கழன்றுகொள்கிறான், வேறு வழியின்றி அலாஸ்காவில் கார்லண்ட் என்னும் சிற்றூருக்கு அவள் மருத்துவராகப் போகிறாள். அவ்வூரில் எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள். ஊர்ப் பெரியவரின் குடும்பப் பெயர் ஹாலிடே. அவர் நடத்துவது பொருள்களை ஊர் ஊராக அனுப்பும் நிறுவனம். அவ்வூரில் ரெயின்டியர் எனப்படும் பனிமானுக்கு நோய் வந்தால் வீடே கலங்குகிறது. இந்த மூன்று குறிகளையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னால் அது, பெரியவர் கிறிஸ்துமஸ் தாத்தா என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். நோய்க்குறி கண்டு நோய் அறிவதையே ஆண்டுக்கணக்கில் பயின்ற நாயகிக்கோ அதைக் கண்டுபிடிக்க முழுப்படமும் தேவைப்படுகிறது. பாஸ்டன்காரர்கள் அவளுக்கு இடம் தராததன் காரணம் படத்தில் ஓரளவே சொல்லப்படுகிறது. மீதியைப் பார்வையாளர் தாமே ஊகித்துக்கொள்கிறார்.

இக்குறை பெரிதன்று. முத்தம் தடைப்படுவதும் பெரிதன்று. அதற்காவது காரணம் உண்டு. இரண்டு மணிநேர ஒளிபரப்பில் படம் ஏறத்தாழ 85 நிமிடமே, மிச்சம் விளம்பரம். அதனால் கதை ஒன்பது துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் பார்ப்பவர் எழுந்து அடுக்களைக்குப் போய்விடாதபடி ஏதாவதொன்று அந்தரத்தில் தொங்கவேண்டும். அவ்வாறு தொங்கவிடப்படும் பொருளை அரைமுத்தம் எனலாம். இரண்டு முகங்கள் நெருங்கி, மூக்கு நுனிகள் ஏறத்தாழ ஒட்டும்போது, கைப்பேசியோ குழந்தையோ நாயோ, சரியாக அந்நொடியில் வெந்து முடிந்த பிஸ்கட்டின் அடுப்பு மணியோ குறுக்கே வந்து விலக்கிவிடும் முத்தம் என்பது அதன் பொருள். முழுமுத்தம் கடைசி நிமிடத்தில் கிட்டும். தவணை முறையில் கடன் கட்டி வீடு வாங்கிய எவருக்கும் இந்த ஏற்பாடு புதிதன்று.

பனியும் பெரிதன்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கோடைவெயில் காயும்போது, இரண்டு மூன்று வாரங்களுக்குள் எடுத்து முடிக்கப்படும் படங்கள் இவற்றுள் பல. காகிதத்துகளும் சோப்பு நுரையும் வெள்ளைப் போர்வையும் பனியாக வேடமிட, நாயகனும் நாயகியும் கழுத்துவரை கம்பளி சுற்றிக்கொண்டு நடுங்குகிறார்கள். நடுக்கம் நன்றாகவே அமைகிறது. ஆனால் வாயிலிருந்து புகை வருவதில்லை. உறைபனியில் பேசுகிறவன் வாயில் புகை வரும் என்பதைப் பனியையே காணாத தமிழ்நாட்டுக்காரர்கூட மார்கழி விடியலில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்வந்த அளவில் அறிவார். போகட்டும், மன்னிக்கலாம்.

மன்னிக்கத் தகாதது கோப்பை.

இங்குக் கோப்பை என்பது மூடியிட்ட காகிதக் கோப்பையைக் குறிக்கும். இப்படங்களின் எல்லா மாந்தரும் வெளியில் வரும்போது அதை உடலுறுப்பைப் போல ஏந்தி வருகின்றனர். அதற்குள் சுடச்சுடக் காப்பியோ சாக்லெட் பானமோ இருப்பதாகக் கதை சொல்கிறது. அதற்குள் ஒன்றுமில்லை. ஒருதுளிகூட இல்லை. இது ஐயமோ ஊகமோ அன்று. அளந்து நிறுவத்தக்க உண்மை. அமெரிக்கக் கடைகளின் 12 அவுன்ஸ் கோப்பை ஏறத்தாழ 355 மில்லிலிட்டர் கொள்ளும். அவ்வளவு காப்பி ஏறத்தாழ 355 கிராம் எடை. வெறும் கோப்பை மூடியோடு சேர்ந்தும் ஒரு கடிதத்தின் எடைதான் இருக்கும். முந்நூற்றைம்பது கிராமைத் தூக்கும் மணிக்கட்டு ஒருவிதமாகவும் கடிதத்தைத் தூக்கும் மணிக்கட்டு வேறுவிதமாகவும் இயங்கும் என்பதற்கு உடலியல் நூல் தேவையில்லை. கல்யாண வீட்டில் தளும்பத் தளும்ப ஊற்றிக்கொடுத்த டம்ளரோடு, குறுக்கே ஓடும் பிள்ளைகளையும் விரித்துப்போட்ட ஜமக்காளத்தையும் கடந்து, திண்ணையில் காத்திருக்கும் பெரியப்பாவரை ஒருமுறை நடந்தவருக்குத் தெரியும்: முழங்கை விலாவோடு ஒட்டும், அடி சிறுக்கும், கண் டம்ளரின் விளிம்பைவிட்டு நகராது, யாராவது நலம் விசாரித்தால் பதில் மூச்சை அடக்கியே வரும். இப்படங்களின் நாயகரோ இரண்டு கோப்பைகளை வீசிக்கொண்டே தெருவைக் கடக்கிறார், ஊர்த்தலைவருக்குக் கையசைக்கிறார், கையசைப்பது கோப்பை பிடித்த கையால்தான்.

கோப்பை காலி என்பதற்கான அடையாளங்கள் பல. எடைக்குறி மேலே கூறப்பட்டது. அடுத்தது சூட்டுக்குறி: அப்போதுதான் வாங்கிய பானத்தை ஊதாமல், உதட்டைத் தயங்கித் தயங்கி வைக்காமல், இளநீரைப் போல ஒரே மூச்சில் சாய்ப்பது. விழுங்கற்குறி என்பது தொண்டைக்குழி அசையாமலே "ஆகா, அருமை" என்பது. ஒலிக்குறி நுட்பமானது, கோப்பையை மேசையில் வைக்கும்போது, உள்ளே ஏதேனும் இருந்தால் எழவேண்டிய அடங்கிய ஓசைக்குப் பதிலாக, தீப்பெட்டியை வைத்தாற்போன்ற ஒரு வெறுமை கேட்கும். இக்குறியை அறிய ஒலியைச் சற்று உயர்த்தவேண்டியிருக்கும். அவ்வாறு உயர்த்தியதில் கட்டுரையாளரின் அண்டைவீட்டார் கதவைத் தட்டினர் என்பதும் பதிவுசெய்யப்படுகிறது. இறுதியாக, இவையனைத்தையும் ஒருசேரக் கொண்டது சாய்வுக்குறி. அதுவே சனிக்கிழமை நேர்ந்தது.

அப்படத்தின் பெயர் நினைவில் இல்லை. கிறிஸ்துமஸ் என்ற சொல்லோடு வேறொரு சொல்லைக் கோத்தது என்பது மட்டும் உறுதி. நாயகி வெண்ணெய் நிறக் கம்பளிக் கோட்டு அணிந்து, பனி பெய்யும் சதுக்கத்தில் கண்கலங்கி நிற்கிறாள். நாயகன் இரு கைகளிலும் இரு கோப்பைகளோடு வருகிறான். ஒன்றை அவள் வாங்கிக்கொள்கிறாள். மன்னிப்பு கேட்கிறான். அவள் தாவி அவனைக் கட்டிக்கொள்கிறாள். அவனும் மனமுருகி, கண்களை மூடி, கோப்பை பிடித்த கையை அவள் முதுகைச் சுற்றி வளைக்கிறான். கோப்பை படுக்கைக்கிடையாகச் சாய்கிறது. மூடியிலுள்ள உறிஞ்சுதுளை நேராக அந்த வெண்ணெய் நிறக் கோட்டைப் பார்க்கிறது. கேமரா நகராமல் அப்படியே நிற்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டுரையாளர் எண்ணியதில் பதினொன்று வரை வந்தது. ஒருதுளி சிந்தவில்லை. பின்னணியில் பிடில்கள் உருகின. கொதிக்கும் பானம் ஒரு பெண்ணின் முதுகில் கொட்டியிருக்க வேண்டிய பதினொரு நொடிகள் அவை. அக்காட்சியில் அழுதவர் எத்தனை பேரோ, அங்கு ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு மாற்று விளக்கங்கள் கூறப்படலாம். ஒரே காட்சியைப் பலமுறை எடுக்கவேண்டியிருப்பதால் பானம் சிந்திக் கோட்டு கறைபட்டால் அதே கோட்டு இன்னொன்றுக்கு எங்கே போவது. ஒவ்வொரு முறையும் கோப்பையில் இருக்கும் அளவு ஒத்துப்போகவேண்டும். ஜூலை வெயிலில் கம்பளிக்குள் வேகும் நடிகருக்குச் சூடான காப்பி கொடுப்பது கொடுமை. இவை யாவும் நியாயமே. ஆயினும் தண்ணீர் என்றொரு பொருள் உலகில் உண்டு. அது நிறமற்றது, கறைபடுத்தாதது, பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏராளமாகக் கிடைப்பது. அதுவும் வேண்டாமெனில் இரண்டு கூழாங்கல்லை உள்ளே போட்டு மூடியை ஒட்டலாம். மணிக்கட்டு தானாகவே உண்மை பேசத்தொடங்கிவிடும். ஒரு நகரத்தையே விளக்குகளால் அலங்கரிக்கவும் கோடையை மார்கழியாக்கவும் தெரிந்தவர்களுக்கு இரண்டு கூழாங்கல் கிடைக்கவில்லையா என்பதே கேள்வி.

இக்கேள்வியைக் கட்டுரையாளர் அன்றிரவு வாய்விட்டே எழுப்பியபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த அவருடைய தமக்கையார் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், "ஏன்டா, பிடிக்கலேன்னா எழுந்து போய்ப் படுக்க வேண்டியதுதானே? ஒரு படத்துல நல்லதா ஒண்ணுகூட உன் கண்ணுக்குப் படாதா?" என்று வினவினார். இக்கட்டுரை பிறந்ததே அந்த வினாவுக்கு விடையாக என்பதால், இனி நிறைகளைக் கூறாமல் விடுவதற்கில்லை.

முதலாவது, இப்படங்களில் முற்றிலும் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. நகரத்துக் காதலன்கூடக் கைகுலுக்கிவிட்டே பிரிகிறான். இரண்டாவது, உலகம் மறந்த நடிகர்களுக்கு இவை வேலை தருகின்றன. முற்கூறிய படத்தில் ஹாலிடே பெரியவராக வரும் பிரையன் டாயில்-மரே, 1989இல் வந்த நேஷனல் லாம்பூன்ஸ் கிறிஸ்துமஸ் வெக்கேஷன் படத்தில், ஊழியர்களுக்குப் பண்டிகைக் கால போனஸை மறுத்து, அதற்குப் பதிலாக மாதமொரு ஜாம் பாட்டில் வந்துசேரும் சந்தாவைக் கொடுத்த கஞ்ச முதலாளியாக நடித்தவர். கால்நூற்றாண்டு கழித்து அவரையே கிறிஸ்துமஸ் தாத்தா ஆக்கியதில் ஏதோ ஒரு கணக்குத் தீர்க்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது, நடுவில் நாற்பது நிமிடம் கண்ணயர்ந்து எழுந்தாலும் கதை விட்ட இடத்திலேயே இருக்கும். தமக்கையாருக்கு முழங்கால் வலியால் இரவில் உறக்கம் வருவதில்லை. இப்படங்கள் ஓடும்போது மட்டும் வலியைப் பற்றிய பேச்சு எழுவதில்லை. இதைப் படத்தின் நிறையில் சேர்ப்பதா மருந்தின் நிறையில் சேர்ப்பதா என்பது தனி ஆய்வுக்குரியது.

நான்காவது நிறையைத் தேடும் பொருட்டே ஞாயிறு இரவு இன்னொரு படம் பார்க்கப்பட்டது என்பதை அறிஞர்கள் ஏற்பர். அதன் முப்பதாவது நிமிடத்தில், கடை வாயிலில் நின்ற நாயகியின் கோப்பையிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. தமக்கையார் ஒன்றும் சொல்லாமல் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். படம் பின்னோக்கி ஓட்டப்பட்டு, அவ்விடம் நான்குமுறை ஆராயப்பட்டது. நாயகியின் தலைமுடி இடப்பக்கமாகப் பறந்துகொண்டிருக்க, ஆவியோ ஊதுவத்திப் புகைபோல நேராக மேலே சென்றது. ஆகவே அது பின்னர் கணினியில் சேர்க்கப்பட்டதே என்பது துணிபு.