எது அசல்?

கேள்வி: நிசான் எஞ்சின் பூட்டிப் புதுப்பித்த பழைய மொரிஸ் மைனர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எஞ்சின் மாறிய பிறகும் அது மொரிஸ் மைனர்தானா? – வாசகர், திருக்கோவில்

பதில்: எந்த எஞ்சினை அசல் என்கிறீர்கள்? 1948இல் 918 சிசியோடு வந்த காருக்கு, 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098 என்று தயாரித்த கம்பனியே மூன்று தடவை எஞ்சினை மாற்றியது. அதற்கும் முன்பே மாதிரிக் காரை நெடுக அறுத்து நான்கு அங்குலம் அகலமாக்கியவர், அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்! அசலுக்குத்தான் மதிப்பு என்பார்கள் சேகரிப்பாளர்கள். காட்சிக்கு வைப்பதென்றால் சரி. ஆனால் இறக்குமதிக் கட்டுப்பாடுகளுக்குள் கிடைத்ததைப் பூட்டி ஓடவைத்த நம் மெக்கானிக்குகளின் கைவேலையும் அந்தக் காரின் வரலாறுதான்.

பார்க்க வேண்டியது வேறு. இந்தக் காருக்குத் தனிச் சேஸி இல்லை, உடலேதான் சுமையைத் தாங்குகிறது. உங்கள் கடற்காற்றில் அடித்தகடு துருப்பிடித்திருந்தால் புதுப் பெயின்ட் அதை மறைக்கும், தாங்காது. வலுக்கூடிய எஞ்சினுக்குப் பழைய டிரம் பிரேக்கும் போதாது. புதிய எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் ஏறாவிட்டால் விலை பேசவே வேண்டாம்.