திங்க, புதன், சனி

மாப்ள, ராத்திரி நீ தூங்குன தூக்கத்துக்கு ஒன் கையில கெடக்குற வாட்சு அறுபதே மார்க்குத்தான் போட்டுச்சுன்னு போன்ல பொலம்புனியாமே, அக்கா சொல்லுச்சு. பத்தாவதுல கணக்குப் பரீட்சைக்கு இம்புட்டு வாங்கலையேப்பா நீ, பெறகு என்ன கொறைங்குற? தூக்கத்துலயும் பர்ஸ்ட்டு வரணும்னு தவிக்கிற ஆளு நம்ம வகையறாவுல நீ ஒருத்தன்தான். ஒங்கப்பன் திண்ணையில துண்டை விரிச்சாருன்னா பக்கத்துல வெடி போட்டாலும் அசைய மாட்டாரு. அவருக்கு எந்த வாட்சும் மார்க்குப் போடல.

ராமேஸ்வரம்னு சொன்னதும் ஆபீஸ்ல 'ஓ, கலாம் ஊரா?'ன்னு கேக்குறாகளாம், அந்தப் பேரைக் காப்பாத்தத்தான் ராப்பகலா ஒழைக்கிறியாம். நல்லது. அவுக கனவு காணச் சொன்னாக. அதுக்கு மொதல்ல கண்ணை மூடணும்ல? அவுக வீணை வாசிப்பாக, அதாச்சும் தெரியுமா? ராக்கெட்டு விட்ட மனுசனுக்கு வீணையத் தொட நேரம் இருந்துச்சு. மீட்டிங்குக்கு ஸ்லைடு போடுற ஒனக்குத் தலை சீவ நேரமில்ல.

சரி, காதுல மாட்டியிருக்கறதக் கழட்டு. மாமன் சொல்றதக் கேளு.

நம்ம ராமேஸ்வரம் விசைப்படகு வாரத்துல திங்க, புதன், சனி, இந்த மூணு நாளுதான் தொழிலுக்குப் போகும். மத்த நாளு நாட்டுப்படகுக்காரனுக்கு. மீன்துறையில டோக்கன் வாங்கித்தான் கடல்ல எறங்கணும். இழுவைமடிக்காரன் அள்ளிக்கிட்டுப் போற போக்குல சின்ன வலையெல்லாம் அறுந்து, கரையில அடிதடியாகி, பெறகு பேசி வச்ச ஏற்பாடு இது. படகு வாங்குன கடனுக்கு வட்டி ஏழு நாளும் ஓடும், படகு மூணு நாளுதான் ஓடும். ஒன் லேப்டாப்பு கணக்குப்படி நாங்க என்னைக்கோ மூழ்கியிருக்கணும். கடன்ல கெடக்குறவன் இல்லாம இல்ல. அது டீசல் வெலையும் எல்லையில இலங்கை நேவியும் பண்ணுற வேலை, செவ்வாக்கெழம தூங்குனதால வந்ததில்ல.

எங்காளுக எல்லாம் ஆசைய விட்ட சாமியாருகன்னு நெனச்சுறாத. செவ்வாக்கெழம ஒருத்தன் திருட்டுத்தனமா எறங்கிட்டான்னு காதுல விழுந்தாப் போதும், அத்தன பேரும் கயித்தை அவுத்துருவான். பக்கத்துப் படகும் கரையில கட்டிக் கெடக்குதுன்னு கண்ணால பாத்தாத்தான் இவனுக்குத் தூக்கம் வரும். ஒனக்குத் தூக்கம் வராததும் அதனாலதான் மாப்ள. நீ கண்ணசந்த நேரத்துல பக்கத்துச் சீட்டுக்காரன் அள்ளிருவானோன்னு பயம். அதுக்கு யோகா கிளாசுக்குப் பணம் கட்டி என்ன பிரயோசனம்?

அடுத்தது தடைக்காலம். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு. 2017க்கு முந்தி 45 நாளுதான், மீனு சினை பிடிக்க அது பத்தாதுன்னு கூட்டிட்டாக. அம்புட்டு விசைப்படகும் கரையில நிக்கும். அந்தச் சமயத்துல தங்கச்சிமடம் பக்கம் வந்து கலப்பத்து வேலையப் பாரு. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இருக்குற சந்துல பஞ்சுத் திரிய வச்சு, உளியில தட்டித் தட்டி உள்ள எறக்குவாக. அவசரப்பட்டுத் தட்டுனா திரி மேலாப்புலயே நின்னுக்கிரும். பாக்க நல்லாத்தான் இருக்கும், நடுக்கடல்ல தண்ணி உள்ள வரும்போதுதான் சங்கதி தெரியும். அதுனால அந்த வேலை பாக்குறவரை யாரும் வெரட்ட மாட்டாக. டீ வாங்கிக் குடுத்துட்டு சும்மா பக்கத்துல ஒக்காந்திருப்பாக.

அந்த ரெண்டு மாசமும் ஊரே ஊஞ்சல்ல ஆடுதுன்னு ஒன் பிரெண்டுககிட்ட அளந்து விட்டுறாத. குடும்பத்துக்கு 8,000 ரூவா தடைக்கால நிவாரணம் வருது, ரெண்டு மாசத்துக்கு அது எந்த மூலைக்கு? கூலிக்குப் போறவன் பல பேரு கேரளாவுக்கு வண்டி ஏறிருவான். ஆம்பளைக்குத்தான் தடைக்காலம், அடுப்புக்கு ஏது?

பொம்பளைகன்னதும் ஞாபகம் வருது. பாம்பன் சின்னப்பாலத்துல பாசி எடுக்குற பொம்பளைக இருக்காகல்ல, வெரல்ல துணியச் சுத்திக்கிட்டு, கண்ணாடியப் போட்டுக்கிட்டு, மூச்சடக்கி முங்குவாக. அவுக மாசத்துல 12 நாளுதான் கடலுக்குப் போவாக. அமாவாசைய ஒட்டி ஆறு, பௌர்ணமிய ஒட்டி ஆறு. சுரண்டுற இரும்பையும் தூக்கிப் போட்டுட்டு கையாலதான் பறிக்கிறாக. எல்லாம் அவுகளே கூடிப் பேசி வச்சுக்கிட்ட கட்டுப்பாடு. அவுகள்ல ஒருத்தவுக, லட்சுமி மூர்த்தி, 2015ல அமெரிக்கா வரைக்கும் போயி சீகாலஜி விருதை வாங்கிட்டு வந்தாக. மிச்ச 18 நாளு முங்காத பொம்பளை அம்புட்டுத் தூரம் போயிருக்கு. நீ 30 நாளும் முங்குற, சோழிங்கநல்லூரத் தாண்டல.

பாம்பன்னதும் இன்னொண்ணு. பழைய பாம்பன் பாலத்துல ரயிலு ஓடுன காலத்துல காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டுனா சிக்னல் தன்னால செவப்பாயிரும். உள்ள மந்திரியே இருந்தாலும் ரயிலு நின்னுதான் ஆகணும்னு இருந்துச்சு. ஒனக்கும் ஒரு சிக்னல் இருக்குப்பா, ஒம் பொண்டாட்டி மொகம். எம்புட்டு நாளா அது செவப்பா இருக்குன்னு நிமிந்து பாத்தாத்தானே தெரியும்?

இப்ப ஒனக்கு ஒரு வேலை சொல்றேன், வேலைன்னாத்தான ஒனக்குக் காது கேக்கும். நாளைக்கு ஆபீஸ் போனதும் பக்கத்துச் சீட்டுக்காரனை டீக்குக் கூட்டிட்டுப் போ. ராத்திரி எட்டு மணிக்கு மேல நீயும் மெயிலு அனுப்பாத, நானும் அனுப்பலன்னு பேசு. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் லேப்டாப்பத் தொறக்குறதில்லன்னு கையடிச்சுக்க. அவனுக்கும் வீட்டுல ஒரு செவப்பு சிக்னலு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும், ஒத்துக்குருவான். ஒத்துக்கலேன்னா மூணாவது சீட்டுக்காரனையும் சேத்துக்கிட்டு சங்கத்தக் கூட்டு. மேனேசரு ஏன்னு கேட்டா, எங்க ஊருல டோக்கன் போடாத நாளு இதுன்னு சொல்லு.