லோடு இல்லாத ஊரில் ஒரு லாரி

ஆஸ்டின், டெக்சாஸ்

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. அத்தையின் முட்டிவலி விவரம் அறிய ஆவல்.

டிரக் வாங்கப்போகிறேன் என்று போனில் சொன்னதும், "என்ன லோடு மாப்ள?" என்று கேட்டீர்கள். நாமக்கல்லில் லாரியோடு தலை நரைத்தவர் வேறு என்ன கேட்பார்? இரண்டு வார்த்தையில் சொல்லித் தீராது என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். லோடு ஒன்றும் இல்லை, மாமா. டெக்சாஸில் டிரக் வாங்க லோடு தேவையில்லை. என்றைக்காவது லோடு வரும் என்ற நம்பிக்கை இருந்தால் போதும்.

பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருப்பது முழு சைஸ் டிரக். பத்தொன்பது அடி நீளம். அவர் வீட்டுக் கார் ஷெட்டுக்குள் போகாமல் பின்புறம் வாசலில் துருத்திக்கொண்டு நிற்கும். பாடியில் ஒரு கீறல் கிடையாது. கடையில் தண்ணீர் பாட்டில் கட்டு வாங்கினால்கூடப் பின்சீட்டில்தான் வைப்பார். பாடியில் வைத்தால் பெயின்ட் போய்விடுமாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் காலி பாடியைக் கழுவித் துடைக்கிறார்.

நம்மிடமாவது கொஞ்சம் லோடு உண்டு. உங்கள் மகளின் கறிவேப்பிலைத் தொட்டிகள், தோட்டத்து உர மூட்டை, பொங்கல் விழாவுக்குத் தமிழ்ச் சங்கத்தார் கேட்டால் அண்டா குண்டா. ஆகவே 'மிட்சைஸ்' போதும் என்று முடிவு செய்தோம். நடுத்தரம் என்றதும் ஏமாந்துவிடாதீர்கள். இந்த ஊர் நடுத்தரம் பதினேழரை அடி.

நம் ஊர் குட்டி யானை 2005-ல் வந்ததே, நினைவிருக்கிறதா? இரண்டு சிலிண்டர், பதினாறு குதிரைசக்தி, முக்கால் டன் பாரம். அதே 2005-ல்தான் இங்கே ஹோண்டா ரிட்ஜ்லைன் வந்தது. இப்போதைய ரிட்ஜ்லைனுக்கு ஆறு சிலிண்டர், 280 குதிரைசக்தி. ஏற்றக்கூடியது சுமார் 700 கிலோ. மீதி 264 குதிரை எதற்கு என்று கேட்பீர்கள். அவை என்னையும் உங்கள் மகளையும் ஏசி போட்டு ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொரு சங்கதி, நாமக்கல்காரர்களுக்கென்றே நடந்தது போலிருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழிக்கறி ஐரோப்பாவில் மலிவாகக் குவிந்தது. பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் அதன்மேல் வரியைத் தூக்கிவிட்டன. பதிலுக்கு ஜனாதிபதி ஜான்சன் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், பிராந்தி முதலியவற்றோடு வெளிநாட்டுச் சிறு டிரக்குகள்மேலும் 25 சதவீத வரி போட்டார். 1964-ல் அமலுக்கு வந்தது. கோழிச் சண்டையை ஊரே மறந்துவிட்டது. டிரக் வரி மட்டும் நிலைத்துவிட்டது. அதனால்தான் ஹோண்டா தன் டிரக்கை அலபாமாவிலும், நிஸான் மிசிசிப்பியிலும் செய்கின்றன. கோழிக்கும் லாரிக்கும் ஒரே ஊர் பேர் வாங்கியது நாமக்கல்லில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இங்கே ஒரு தேசமே வாங்கியிருக்கிறது.

வண்டி பார்க்கப் போன முதல் ஷோரூமில் கௌபாய் தொப்பியும் பூட்ஸும் போட்ட பெரியவர் ஒருவர் வந்தார். "என்ன ஏற்றுவீர்கள்?" என்றார். சும்மா இருக்காமல், "அரிசி" என்றேன். முகம் மலர்ந்து, "எத்தனை ஏக்கர்?" என்று கேட்டார். ஹூஸ்டன் பக்கம் கடலோரத்தில் நெல் விளைகிறது. அந்தப் பண்ணைக்காரன் என்று எண்ணிவிட்டார். இந்தியக் கடையில் வாங்கும் இருபது பவுண்டு சோனா மசூரிப் பை என்று விளக்கினேன். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்.

இனி ஓட்டிய கதை. காலி லாரி எப்படித் தூக்கிப் போடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கமான் பட்டை பாரத்துக்காகச் செய்தது. பாரம் இல்லாவிட்டால் அது வளையாது. நம் முதுகுதான் வளைய வேண்டும். ரிட்டன் லோடு கிடைக்காமல் திரும்பும் லாரியில் நீங்கள் பட்ட பாட்டை, இந்த ஊர்க்காரர்கள் தவணை கட்டி அனுபவிக்கிறார்கள். இங்கே ஹைவே பல இடங்களில் கான்கிரீட். பலகைக்குப் பலகை ஒரு இணைப்பு; இணைப்புக்கு இணைப்பு ஒரு தட்டு.

ஃபோர்டு ரேஞ்சருக்குப் பின்னால் இன்னும் பட்டைதான். 2024 மாடலில் பின் ஷாக் அப்சார்பர்களைச் சேஸிஸுக்கு வெளிப்பக்கம் தள்ளி வைத்திருப்பதால் வளைவில் ஆட்டம் குறைவு. பத்து கியர், தானே மாற்றிக்கொள்ளும். எத்தனையாவதில் போகிறோம் என்று எண்ணப் பார்த்து விட்டுவிட்டேன். நிஸான் ஃப்ரன்டியரின் ஸ்டியரிங் இந்தக் காலத்திலும் ஆயில் பிரஷரில் வேலை செய்வது. ஹைவேயில் கைக்கு நிதானமாக நிற்கும். பார்க்கிங்கில் திருப்பினால் காலை உடற்பயிற்சி முடிந்துவிடும். உங்களுக்குப் பிடிக்கும். சீட்டு அருமை. நாசா ஆராய்ச்சியை வைத்து வடிவமைத்ததாம். அது முன்சீட்டு. பின்சீட்டில் இருந்த உங்கள் மகள், அந்த ஆராய்ச்சி இங்கே வந்து சேரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

செவர்லே கொலராடோவில் இழுவை பிரமாதம்; ஏறக்குறைய மூன்றரை டன் டிரெய்லரை இழுக்குமாம். ஆனால் 2023-ல் மாற்றி வந்தபோது ஹெட்லைட் ஸ்விட்சை எடுத்துத் திரைக்குள் போட்டுவிட்டார்கள். ராத்திரி லைட் போட டிவி பெட்டியில் தேட வேண்டும். ஜீப் கிளாடியேட்டருக்குக் கதவையும் கூரையையும் கழற்றலாம். முன்னும் பின்னும் லாரி போலவே முழு ஆக்சில். ஆஸ்டின் பக்கத்தில் ஒரு சுங்கச் சாலையில் மணிக்கு 85 மைல், அதாவது 137 கிலோமீட்டர் வரை போகலாம். அந்த வேகத்தில் கிளாடியேட்டரின் ஸ்டியரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். "கதவைக் கழட்டிட்டா அம்மா எதைப் பிடிச்சு ஏறுவாங்க?" என்று உங்கள் மகள் கேட்டதோடு அந்த வண்டி கதை முடிந்தது.

மிஞ்சியவை இரண்டு. டொயோட்டா டகோமாவுக்கு இங்கே நல்ல மறுவிற்பனை மதிப்பு. பழைய டகோமா வைத்திருப்பவர் அதை விற்கிற பேச்சையே எடுப்பதில்லை. 2024-ல் வந்த புது டகோமாவில், நாலு கதவு மாடல் பெரும்பாலானவற்றுக்குப் பட்டையை எடுத்துவிட்டுப் பின்னால் காயில் ஸ்பிரிங் போட்டுவிட்டார்கள். நல்ல மாற்றம். ஹைபிரிட் வாங்கினால் 326 குதிரை. ஆனால் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் குடியேறிவிடுகிறது.

ரிட்ஜ்லைனுக்குத் தனிச் சேஸிஸே கிடையாது, மாமா. கார் போல ஒரே உடம்பு, நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். பாடித் தரைக்கு அடியில் பூட்டு போட்ட பெட்டி ஒன்று. அதில் ஐஸ் கொட்டி மோர் பாட்டில் அடுக்கலாம். உருகிய தண்ணீரை விட அடியில் ஒரு அடைப்பானும் உண்டு. பின்டோர் கீழேயும் திறக்கும், பக்கவாட்டிலும் திறக்கும். குறையும் உண்டு. இழுப்பது இரண்டேகால் டன்தான். சேற்றில் இறங்கினால் லோ கியர் கிடையாது. டெக்சாஸ்காரர்கள் இதை டிரக் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

ஆனால் சஸ்பென்ஷனுக்கு நான் வைத்த பரீட்சை வேறு. எல்லா வண்டியிலும் உங்கள் மகள் பின்சீட்டில் உட்கார்ந்து தன் மாமியாரைப் பற்றி, அதாவது உங்கள் அக்காவைப் பற்றி, ஒரு புகாரைத் தொடங்கினாள். ரேஞ்சரில் எழுவாயோடு ஒரு இணைப்பு வந்தது, பேச்சு நின்றது. கிளாடியேட்டரில் என் அம்மா பெயருக்கே போய்ச் சேரவில்லை. டகோமாவில் பாதி வந்தது. ரிட்ஜ்லைனில் மட்டும் ஆதியோடு அந்தமாக, ஒரு வார்த்தை உதறாமல், போன தீபாவளி வரை சொல்லி முடித்தாள். வண்டி நல்ல வண்டி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு நல்லதா என்பதுதான் யோசனை.

இருந்தாலும் அதற்கே முன்பணம் கட்டிவிட்டேன். நாங்கள் ஏற்றப்போகிற லோடு மனுஷ லோடுதான். வருஷத்தில் ஒரு நாள் வரும் அண்டாவுக்காக மற்ற நாளெல்லாம் முதுகைக் கொடுக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். பாவம், அனுதாபத்தோடு தோளில் தட்டிவிட்டு, தன் காலி பாடியைக் கழுவப் போனார்.

கோடை லீவுக்கு நீங்களும் அத்தையும் வருகிறீர்கள். அத்தையை வீட்டு வாசற்படியில் ஏறச் சொல்லி, எந்த உயரத்தில் முட்டி வலிக்கிறது என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள். ஏறும் படி தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். அதற்குள் ஆர்டர் கொடுத்துவிடலாம். ஸ்டியரிங் இங்கே இடது பக்கம். முதல் நாள் நீங்கள் வலது பக்கக் கதவைத் திறந்து, ஸ்டியரிங் எங்கே என்று கேட்பீர்கள். பரவாயில்லை, நான் ஓட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்

பி.கு.: என் அம்மா உங்கள் வீட்டுக்கு வந்தால் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டச் சொல்வார். ரிட்ஜ்லைன் பரீட்சை வரும் இடத்தில் உங்களுக்கு இருமல் வந்துவிடட்டும்.