கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் விருந்தோம்பும் அட்டை: ஒரு முன்னாய்வு

வீட்டு ஃபயர்வால் பெட்டிக்குத் தெரிந்தவை இரண்டே திணைகள். லேன் என்னும் அகம், வேன் என்னும் புறம். அகத்தில் இருப்பவர் புறத்துக்குத் தாராளமாகப் போய்வரலாம். புறத்தில் இருப்பவர் அழைக்காமல் வாசற்படி ஏறக்கூடாது. 2004-இல் மோனோவால் என்னும் ஃபயர்வால் மென்பொருளிலிருந்து பிரிந்த பிஎஃப்சென்ஸும், 2015-இல் அதனிடமிருந்து தனிக்குடித்தனம் போன ஓபிஎன்சென்ஸும் மற்ற எதில் முரண்பட்டாலும் இந்த இலக்கணத்தில் ஒன்றுபடுகின்றன. இவ்வளவு ஒழுங்கான பெட்டிக்குள் ஒரு வயர்லெஸ் கார்டை மாட்டினால் மூன்றாவதாக ஒரு திணை முளைக்கிறது. அதை ஆராய்வதே நம் நோக்கம். ஆய்வுக்களத்தின் வடக்கெல்லை கும்மிடிப்பூண்டி சிப்காட். மேற்கெல்லை திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டை.

அட்டைகள் இருவகைப்படும்: விருந்துக்குப் போவன, விருந்து வைப்பன. பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய இன்டெல் அட்டை முதல் வகை. அடுத்த வீட்டு வைஃபையில் ஒட்டிக்கொள்ளச் சொன்னால் சமர்த்தாக ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்காரராக உட்கார்ந்து நாலு போனை வரவேற்கச் சொன்னால் கையை விரித்துவிடும். மேற்சொன்ன இரு மென்பொருள்களுக்கும் அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டியில் இன்டெல் அட்டைக்கான டிரைவர்கள் அந்த வேலைக்கு எழுதப்படவில்லை. ஏஆர்9280 போன்ற பழைய அதெரோஸ் சிப் உள்ளவை இரண்டாம் வகை. தயங்காமல் இலை போடும். ஆகவே கும்மிடிப்பூண்டி லோக்கலில் சென்ட்ரல் வந்திறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடக்கும் ஆய்வாளர், விலை கேட்பதற்கு முன் ஸ்டிக்கரில் உள்ள பொடி எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் படிக்கக் கடவர். 'எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்' என்ற கடைக்காரர் கூற்றை ஆதாரமாகக் கொள்வதற்கில்லை.

மாட்டுவது எளிது. மூன்று சென்டிமீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் அட்டை. சாய்வாகச் செருகி, அழுத்தி, இரண்டு ஸ்க்ரூ. ஆன்டெனா ஒயரின் நுனியில் மிளகளவு பித்தளைத் தொப்பி ஒன்று இருக்கும். அதை நேர்மேலே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். முப்பது முறை மாட்டிக் கழற்றுவதுதான் அதற்கு எழுதப்பட்ட ஆயுள் என்பதால், சும்மா இருக்க முடியாத கைகளிடமிருந்து அதைக் காப்பாற்ற வேண்டும்.

இனி இடப் பிரச்சினை. உலை வாதிகள் என்றொரு சாரார் இப்பகுதியில் உளர். வீட்டில் சிக்னல் விழுந்தால் சிப்காட்டின் இண்டக்ஷன் உலையைக் கைகாட்டுவார்கள். அந்த உலைகள் சில நூறு முதல் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் ஓடுகின்றன. வைஃபையோ 240 கோடி ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. (சமையலறை மைக்ரோவேவ் 245 கோடி. அதைக் குற்றம் சொல்ல எவருக்கும் துணிவில்லை.) உலையில் உருகி வெளிவரும் டிஎம்டி கம்பிக்குத்தான் உண்மையில் இதில் பங்குண்டு. அரை அடிக்கு ஒன்றாக அதைக் குறுக்கும் நெடுக்கும் கட்டித்தான் தளம் வார்க்கிறார்கள். வைஃபை அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. அந்தச் சந்தில் நுழைந்து, காங்கிரீட்டையும் கடந்து மாடிக்குப் போவதற்குள் அது இளைத்துவிடும். பெட்டியை இரும்பு பீரோவின் பின்னால் ஒளித்து வைக்கும் குடும்பங்களில் அது மாடிவரை இளைக்க வேண்டிய அவசியமும் இல்லை, கூடத்துக்கே வராது.

நாடு இந்தியா என்று குறித்து, சேனல் 1, 6, 11 இவற்றில் ஒன்றைத் தேர்ந்து, எட்டெழுத்துக்குக் குறையாமல் பாஸ்வேர்டு இட்டால் சடங்கு முடிந்தது. லைசென்ஸ் வேண்டாம், இந்த அலைவரிசைக்கு 2005-லேயே மத்திய அரசு விலக்கு அளித்துவிட்டது. போனில் நாலு கோடும் தெரியும். அப்போதுதான் உள்ளறையிலிருந்து அந்தக் குரல் எழும்: "கனெக்ட் ஆயிருக்கு, ஆனா நெட் வரல."

இந்த ஆய்வின் மையம் இதுவே. லேன் பிறக்கும்போதே 'எங்கும் போகலாம்' என்ற விதியோடு பிறக்கிறது. பின்னால் வந்த திணைக்கு விதியே இல்லை. விதி இல்லாவிட்டால் எதுவும் போகாது என்பது பெட்டியின் சித்தாந்தம். உட்கார வைப்பார்கள், தண்ணீர் தரமாட்டார்கள். தீர்வு இரண்டு. புதிய திணையை லேனோடு பிரிட்ஜ் போட்டு அகத்திலேயே சேர்ப்பது ஒன்று. அதற்கென 192.168.2.1 போன்ற தனி முகவரியும், வருகிற போன்களுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபியும், இணையத்துக்கு மட்டும் அனுமதிக்கும் விதியும் எழுதுவது மற்றொன்று. இக்கட்டுரையாளர் இரண்டாவது கட்சி. கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவரும் பாஸ்வேர்டு கேட்கும் நாட்டில், ஆபீஸ் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டர்வரை அவரது போனை நடமாட விடுவது விருந்தோம்பலில் சேராது.

தனிப்பெட்டி வாதிகளையும் சொல்லியாக வேண்டும். கார்டே வேண்டாம், தனியாக ஒரு ஆக்சஸ் பாயின்ட் வாங்கி, லேன் கேபிளில் கோத்துக் கூடத்துச் சுவரில் மாட்டு, பீரோவும் தளமும் தாமே தோற்கும் என்பது அவர்கள் கொள்கை. துறை அறிந்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்சிதான், கொள்கையிலும் பிழையில்லை. முதல் பத்தியிலேயே அதை ஒப்புக்கொண்டால் ஆய்வுக்கு வேலை இருக்காது என்பதால் கடைசிப் பத்திக்குத் தள்ளிவைத்தோம்.