உடம்புக்கு ஒன்றுமில்லை, செத்துவிடு!

மைக்ரோசாஃப்ட் ஒரு செயலி வைத்திருக்கிறது. பெயர் 'பிசி ஹெல்த் செக்'. தனியார் மருத்துவமனைகளின் மாஸ்டர் ஹெல்த் செக்கப் தெரியுமல்லவா? திடகாத்திரமாக நடந்து போகிறவர் நோயாளியாகத் திரும்பி வருவார். அதே தொழில்தான். அங்கேயாவது சர்க்கரை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். 2021 ஜூன் 24 அன்று விண்டோஸ் 11 அறிவிப்போடு வந்த இந்தச் செயலியின் முதல் பதிப்புக்கு அந்த மரியாதைகூடத் தெரியவில்லை. நீலப் பொத்தானை அழுத்தினால், உங்கள் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது என்று சொல்லும். ஏன் ஓடாது, எது குறைகிறது என்று கேட்டால் வாயைத் திறக்காது. உலகெங்கும் வசவு விழுந்ததும் நான்கே நாளில் அதை விலக்கிக்கொண்டார்கள். காரணத்தை ஒழுங்காக விளக்கத் தெரிந்த பதிப்பு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை என்ன நோய் என்றே தெரியாமல் உலகம் மருந்து தேடிக்கொண்டிருந்தது.

கேட்கும் தகுதிகளைப் பார்த்தால் முதலில் சிரிப்புதான் வரும். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இரண்டு கோர், 1 கிகாஹெர்ட்ஸ் வேகம். காயலான் கடையில் கிடக்கும் கணினிகூட இதைத் தாண்டிவிடும். பொறி அடுத்த வரியில் இருக்கிறது. டி.பி.எம். 2.0 வேண்டும், செக்யூர் பூட் வேண்டும், அதோடு பிராசசர் எங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியல் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும் தொடங்குகிறது.

இதன் அழகைப் பாருங்கள். 2017 ஜனவரியில் வந்த ஐ7-7700கே. நான்கு கோர், 4.2 கிகாஹெர்ட்ஸ். அன்றைக்கு வாங்கியவர் ஊரெல்லாம் பெருமை பேசிய சரக்கு. இன்றும் 32 ஜிபி ரேமோடு வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருக்கும். அது ஃபெயில். அதே ஆண்டின் இறுதியில் வந்த செலரான் என்4000 என்ற நோஞ்சான் இரண்டே கோர், 1.1 கிகாஹெர்ட்ஸ். பிரவுசரில் நான்கு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். அது பாஸ். நன்றாக வேலை செய்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. என்றைக்குப் பிறந்தாய் என்பதுதான் கேள்வி.

"எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காக" என்கிறார்கள். சரி, அதையும் பார்ப்போம். டி.பி.எம். என்பது வெட்டிச் சில்லு ஒன்றும் இல்லை. கணினியின் ரகசியச் சாவிகளைத் தனியே பூட்டி வைக்கும் உருப்படியான ஏற்பாடுதான். ஆனால் 2016 ஜூலை இறுதியிலிருந்து விண்டோஸ் 10-உடன் விற்கும் புதிய மாடல்களில் டி.பி.எம். 2.0 இருந்தே ஆக வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு உத்தரவு போட்டதே இதே மைக்ரோசாஃப்ட்தான். அதன்படி சில்லோடு வந்த ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளையும் இன்று வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புகிறார்கள். சொன்ன பூட்டை வாங்கி மாட்டியவனையும் வீட்டுக்குள் விடவில்லை.

ஏழாம் தலைமுறையில் ஒரு தவப்புதல்வன் தப்பித்தான். பெயர் ஐ7-7820எச்.க்யூ. அவனுக்கு என்ன யோகம்? மைக்ரோசாஃப்ட் தன் பெயரிலேயே 2018-இல் 3,499 டாலரில் தொடங்கி விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-க்குள் அவன்தான் உட்கார்ந்திருந்தான். 2021 ஆகஸ்டில் பட்டியலைத் திருத்தியபோது இன்னும் சில விலையுயர்ந்த சில்லுகளோடு அவனுக்கும் கதவு திறந்தது. அவனோடு ஒரே தலைமுறையில் பிறந்த ஏழை ஐ3, ஐ5-களுக்கு அந்த யோகம் இல்லை. சொந்தப் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊரார் பிள்ளைக்கு ஒரு நியாயம்.

கேள்வி கேட்டவர்களுக்கு அப்போது ஒரு புள்ளிவிவரம் கொடுத்தார்கள். தகுதியில்லாத கணினிகளில் 52 விழுக்காடு அதிகமாகக் கோளாறு வருகிறதாம். பக்கத்திலேயே, தகுதியுள்ள கணினிகளில் 99.8 விழுக்காடு கோளாறே இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். அவர்கள் கணக்கையே வைத்துப் பார்த்தால், 0.2-க்கு மேல் 52 விழுக்காடு கூட்டினால் 0.3. இந்த 0.1-ஐ வைத்துத்தான் கோடிக்கணக்கான கணினிகளுக்குச் சாவு மேளம் அடித்தார்கள்.

இன்னொரு கூத்து. தகுதியில்லாத கணினியிலும் விண்டோஸ் 11-ஐ ஏற்ற ரெஜிஸ்ட்ரியில் எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று 2021-இல் மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்தது. செய்தவர்களின் கணினி ஓடியது. பிறகு 2025 தொடக்கத்தில் அந்தக் குறிப்பைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டார்கள். இயந்திரங்களுக்காக விற்கும் 'ஐ.ஓ.டி. என்டர்பிரைஸ்' நீண்டகாலப் பதிப்பில் டி.பி.எம். கட்டாயமே இல்லை. ஆலையில் நிற்கும் இயந்திரத்துக்கு விலக்கு உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளை பாடம் படிக்கும் கணினிக்குக் கிடையாது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு ஆதரவை நிறுத்தினார்கள். அப்போதும் உலகின் விண்டோஸ் கணினிகளில் பத்தில் நான்கு அதில்தான் ஓடிக்கொண்டிருந்தன. 2015-இல் சிகாகோ மாநாட்டு மேடையில் அவர்களது ஊழியர் ஒருவரே, விண்டோஸ் 10-தான் கடைசி விண்டோஸ் என்று சொன்னதை நம்பி வாங்கியவர்களும் அதில் உண்டு.

நிறுத்திய கையோடு கடையும் விரித்தார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் ஓராண்டுக்கு, 2026 அக்டோபர் 13 வரை வேண்டுமா? 30 டாலர் கட்டுங்கள். பணம் இல்லையா? எங்கள் தளத்தில் தேடித் தேடிச் சேர்த்த 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுங்கள். அதுவும் இல்லையா? எங்கள் கணக்கில் நுழைந்து உங்கள் அமைப்புகளை எங்கள் கிளவுடில் ஏற்றுங்கள், இலவசம். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்பு சட்டத்தைக் காட்டியதும், கிளவுடில் ஏற்றும் நிபந்தனையை அங்கே மட்டும் தளர்த்தினார்கள். ஆக, திருத்தம் தயாராக இருக்கிறது, பழைய கணினியில் வேலையும் செய்கிறது, கொடுப்பதற்குத் தடையும் இல்லை. உங்கள் பாதுகாப்பு மேல் இவ்வளவு அக்கறை உள்ளவர்கள் அதைக் கல்லாவில் வைத்து எடை போட்டு விற்கிறார்கள்.

இதே நிறுவனம்தான் 2030-க்குள் வெளியிடும் கரியமில வாயுவை விட அதிகமாக உறிஞ்சிக் காட்டுவோம் என்று 2020-இல் சபதம் செய்தது. விண்டோஸ் 11 சுத்தமான மின்சாரம் கிடைக்கும் நேரம் பார்த்து அப்டேட் ஆகுமாம். புல்லரிக்கிறது! இன்னொரு பக்கம், 24 கோடி கணினிகள் மறுவிற்பனைக்கு வழியின்றிக் குப்பைக்குப் போகலாம் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023-லேயே மதிப்பிட்டது. அத்தனையும் மடிக்கணினி என்று வைத்து மடித்து அடுக்கினால் நிலாவைத் தாண்டுமாம். குப்பை நிலாவுக்குப் போகாது. டெல்லி சீலம்பூருக்கும் மொராதாபாத்துக்கும் போகும். அங்கே சர்க்யூட் போர்டைச் சுட்டுச் செம்பு பிரிப்பவர்களின் நுரையீரலுக்கு எந்த ஹெல்த் செக் செயலியும் இல்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடை ஒன்று உண்டு. ஆறாம் தலைமுறை ஐ5. எஸ்.எஸ்.டி. போட்டதிலிருந்து பேஜ்மேக்கரும் ஃபோட்டோஷாப்பும் கண்ணிமைப்பில் திறக்கின்றன. அங்கே காதில் விழுந்த உரையாடல் இது:

"அண்ணாச்சி, இது இனிமே ஆகாது. புதுசா எடுத்துருங்க."

"ஏம்டே, நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது அண்ணாச்சி. ஆனா ஓடாதுன்னு போட்டிருக்கு பாருங்க."

சர்வீஸ் பையனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. திரையில் இருப்பதைப் படித்தான். ஆனால் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட கணினி வைத்திருப்பவர்கள்கூட இப்படி ஏமாறுகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். பலவற்றில் டி.பி.எம். உள்ளேயே இருக்கும், கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் அணைந்து கிடக்கும். இன்டெல் என்றால் 'பி.டி.டி.', ஏ.எம்.டி. என்றால் 'எஃப்.டி.பி.எம்.' என்ற பெயரில் ஒளிந்திருக்கும். ஒரு சொடுக்கில் தீர்கிற விஷயத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்குப் புது லேப்டாப்.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. எட்டாம் தலைமுறையே 2017-இல்தான் வந்தது என்பதால், அதற்கு முன் கொடுத்தவற்றில் ஒன்றுகூட இந்தப் பட்டியலில் ஏறாது. ஒரு வீட்டின் முதல் பட்டதாரி ப்ராஜெக்ட் தட்டிய பெட்டிக்கு மைக்ரோசாஃப்ட் இருக்கும் ரெட்மண்டிலிருந்து இறப்புச் சான்றிதழ்.

புதிதாக வாங்கியவர்களும் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். 2024-இல் 'கோபைலட் பிளஸ் பிசி' என்று அடுத்த வரிசையை அறிவித்துவிட்டார்கள். 16 ஜிபி ரேம், ஏ.ஐ.க்கென்று தனிச் சில்லு. இன்றைக்கு அது விருப்பம். நாளைக்கு அதற்கும் ஒரு நீலப் பொத்தான் வரலாம்.

எனவே திரையில் வந்த தீர்ப்பை நம்பிக் கணினியைத் தூக்கி எறியாதீர்கள். முதலில் பயாஸைத் திறந்து பாருங்கள். அதிலும் ஆகாவிட்டால் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போடுங்கள், காசு கேட்காது, பிறந்த தேதியும் கேட்காது. பேஜ்மேக்கரை விட முடியாதவர்கள் அந்த ஒரு ஆண்டுத் திருத்தத்தையாவது வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் கணினி வாங்கும் அதிகாரிகளே, 'விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றவை' என்று கோப்பில் எழுதிப் பழையதை ஏலத்துக்கு அனுப்பும் முன் அதில் லினக்ஸ் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். புதியதை வாங்கப் போகும் பணம் உங்களுடையது இல்லை.