ரூட்டும் டூரும்

1979-இல் பெல் ஆய்வகத்து ஸ்டீபன் பூர்ன் யுனிக்ஸுக்கு ஒரு ஷெல், அதாவது நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல், எழுதினார். மனிதருக்கு அல்கால் மொழிமேல் தீராத மோகம். ‘இஃப்’ என்று ஆரம்பித்ததைத் திருப்பிப்போட்டு ‘ஃபி’ என்று முடித்தார். ‘கேஸ்’ ‘எசாக்’ ஆனது. ‘டூ’வையும் கவிழ்த்து ‘ஓடி’ ஆக்கியிருப்பார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை குடியிருந்ததால் ‘டன்’ என்று விட்டுவிட்டார்.

அதே வருஷம் பெர்க்லியில் பில் ஜாய் என்ற மாணவரின் சி ஷெல் வெளிவந்தது. அடித்த கட்டளையை மறுபடி அடிக்க வேண்டாம், இரண்டு ஆச்சரியக்குறி போதும். பூர்ன் ஷெல்லில் அந்தச் சொகுசு கிடையாது. பெர்க்லி வம்சத்தில் பிறந்த ஃப்ரீபிஎஸ்டியும் சகல அதிகாரமும் கொண்ட பயனரான ரூட்டுக்கு வீட்டுப்பிள்ளையான சி ஷெல்லையே கட்டிவைத்தது.

பேச்சுக்கு இனிய துணைதான். ஸ்கிரிப்ட் எழுதினால் தெரியும் சங்கதி. ஃபங்ஷன் கிடையாது. பிழைச்செய்தியை மட்டும் ஒதுக்கலாமென்று பழக்க தோஷத்தில் ‘2>’ போட்டால், கட்டளையானது ‘2’ என்றொரு கோப்பைத் தேடிப் போய், அப்படி எதுவும் இல்லையென்று நம்மிடமே வந்து புகார் சொல்லும்.

சரி, பேஷ் என்ற வேறொரு ஷெல்லுக்கு மாற்றிவிடலாமே? அது குடியிருப்பது ‘யுஎஸ்ஆர் லோக்கல்’ என்ற புறநகரில். ஒரு மேம்படுத்தலில் அது நம்பியிருந்த லைப்ரரி காணாமல் போனால், ரூட் சொந்த வீட்டு வாசலிலேயே நிற்பார். எனக்கு ஒரு ராத்திரி நடந்தது. கடவுச்சொல் சரி, ஷெல் இல்லை.

இதற்கென்றே பிஎஸ்டிக்காரர்கள் இன்னொரு ரூட்டை வைத்திருந்தார்கள். அதே பயனர் எண் 0, அதே அதிகாரம், பூர்ன் ஷெல். பெயர்? பூர்ன் பாணியிலேயே ரூட்டைத் திருப்பிப்போட்டு ‘டூர்’. முழுப்பெயர் இடத்தில் ‘மறுபடி பூர்ன் எடுத்த சூப்பர் யூசர்’ என்ற பொருளில் ஒரு சிலேடை வேறு. ஆபத்துக்கு உதவும் ஆத்மாதான். ஆனால் கடவுச்சொல்லை நாம் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை.

கடைசியில் சிங்கிள் யூசர் மோடுக்குப் போனேன். எந்த ஷெல் வேண்டும் என்று அது கேட்கும். சும்மா என்டர் தட்டினால் வருவது, சி ஷெல் கோலோச்சிய காலத்திலும், பூர்ன் வழி வந்த சாதாரண ‘எஸ்எச்’தான்.

2023 நவம்பரில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 14.0 பதிப்பில் ரூட்டுக்கும் அதையே கொடுத்துவிட்டார்கள். டூர் இப்போது எதற்கென்று யாரும் கேட்கவில்லை.