பதினைந்து தோப்புக்கரணம்

வேலைக்கு எது உறுதி, விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்று ஆபீஸ் கேன்டீனில் பட்டிமன்றம் நடத்துகிறவர்களே, கொஞ்சம் மைக்கை இப்படிக் கொடுங்கள்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9:39. டீ வந்து, சீட்டில் உட்கார்ந்து, பாஸ்வேர்டு அடிக்கிற நேரம். கணினிகளைக் காப்பதற்கென்றே காசு வாங்கும் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனம், ஒரு சின்னக் கோப்பை ஊர் உலகத்துக்கெல்லாம் ஒரே மூச்சில் அனுப்பியது. காத்த லட்சணம்: சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டிப் படுத்தன. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்களாம். விழுந்தது எழுந்தால்தானே!

காரணம்? மென்பொருள் கொடுத்தது 20 தகவல். கோப்பு 21-வதைத் தேடியது. இருபதே வீடுள்ள தெருவில் இருபத்தோராம் கதவைத் தட்டிய கதை. வேறு மென்பொருளாக இருந்தால் தான் மட்டும் விழுந்திருக்கும். இதைக் கர்னல் என்னும் கருவறைக்குள்ளேயே குடிவைத்திருந்தார்கள். கோபுரத்தோடு சரிந்தது. கல்யாண வீட்டுச் சமையல்காரர்கூட ரசத்தை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். இந்த மகான்களுக்கு முதலில் நூறு கணினியில் விட்டுப் பார்க்கலாமே என்று தோன்றவில்லை.

அப்புறம் பட்டது யார்? ஒவ்வொரு கணினி முன்னும் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் நுழைந்து, அந்தக் கோப்பைத் தேடி அழித்த ஐ.டி. பையன்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்கத்தைக் கையால் அடிக்க வேண்டும். அந்த இலக்கங்கள் இருந்த சர்வரும் படுத்திருந்தால் சிவலோகம்தான். கிளவுட் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் அருளிய பரிகாரம்: ரீஸ்டார்ட் செய்யுங்கள், 15 தடவைகூட ஆகலாம். பிள்ளையார் முன்னால் போட்டிருந்தால் புண்ணியமாவது சேர்ந்திருக்கும். கணினி படுத்துவிட்டதால், ஹைதராபாத் விமான நிலையத்தில் இண்டிகோ போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தது.

மேக் தப்பியது; வெளியாரைக் கர்னலிலிருந்து ஆப்பிள் ஏற்கெனவே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. எங்களால் அப்படித் தள்ள முடியாது என்று, ஐரோப்பிய ஆணையத்தோடு 2009-இல் செய்த உடன்பாட்டைக் காட்டிக் கைவிரித்தது மைக்ரோசாஃப்ட். லினக்ஸ்காரர்களே, நீங்களும் மார்தட்ட வேண்டாம். அந்தக் கோப்பு விண்டோஸுக்கானது, அவ்வளவுதான். ஒரு மாதம் முன்பு, ஜூனில், இதே நிறுவனத்தின் மென்பொருளோடு ரெட் ஹேட் லினக்ஸும் மூர்ச்சையானது.

கிரவுட்ஸ்ட்ரைக் பட்ட தண்டனையையும் கேளுங்கள். கூட மாரடித்த பார்ட்னர்களுக்குத் தலைக்கு 10 டாலர் ஊபர் ஈட்ஸ் கூப்பன். ஏகப்பட்ட பேர் அதைப் பயன்படுத்தப் போக, மோசடி என்று சந்தேகித்து ஊபர் முடக்கியது. ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் மாபெரும் சொதப்பலுக்கான விருது. நிறுவனத்தின் பிரசிடென்ட் தாமே மேடையேறிக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

ஆகவே, வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஐயா, விற்க வருகிறவர் கோட்டு சூட்டோடு ‘உறுதி’ என்று வாயெடுத்ததும் நிறுத்துங்கள். “உங்க அப்டேட்டை எங்க எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்துல அனுப்புவீங்களா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் வாசலைக் காட்டுங்கள்.